எது குறைந்தது, எது கூடியது?

செம்மேட்டில் இந்த வாரம் விடாத மழை. மின்சாரம் வரும் போகும். கடிதங்கள் மட்டும் தவறாமல் வந்தன. சென்ற இதழில், கொல்லிமலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் மிளகு, சாமை, தினை, அன்னாசி, வாழைத்தார் எல்லாவற்றையும் ஊர்வாரியாகப் பதியும் ஒரு சின்ன ஜாவா நிரலைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் டெஸ்ட்களைப் பார்த்துவிட்டு எழுதியவர்களே அதிகம். லிஸ்ட், செட், மேப் ஆகியவற்றைச் சோதிக்கும் வரிகளை அடுத்தவர் படிக்கும்படி எப்படி எழுதுவது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கும் மிகப் பிடித்த விஷயம் இது.

கே: அக்கா, சரக்கு லிஸ்டில் மிளகு இருக்கிறதா என்று பார்க்க 'அஸர்ட் ட்ரூ'வுக்குள் 'சரக்கு.கன்டெய்ன்ஸ்("மிளகு")' என்று எழுதினேன். டெஸ்ட் பாஸ் ஆகிறது. ஆனாலும் ரிவியூவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன தப்பு? (நாமக்கல்)

ப: பாஸ் ஆகும்வரை தப்பில்லை, தம்பி. பெயில் ஆகும் நாளை நினைத்துப் பாருங்கள். 'எதிர்பார்த்தது ட்ரூ, கிடைத்தது ஃபால்ஸ்' என்று ஒரு வரி வரும். சந்தைக்குப் போனவரிடம் போனில் "என்னென்ன வந்திருக்கு?" என்று கேட்டால் அவர் "இல்லை" என்று சொல்லி வைத்துவிடுவதைப் போன்றது அது. எது இல்லை? வேறு என்ன இருந்தது? லாரியே வரவில்லையா? ஒன்றும் தெரியாது. நீங்கள் டீபக்கரைத் திறந்து, மறுபடி ஓட்டி, லிஸ்டை அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரியும்.

இதையே அஸர்ட்ஜே நூலகத்தில் இப்படி எழுதுங்கள்:

அஸர்ட்தட்(சரக்கு).கன்டெய்ன்ஸ்("மிளகு");

பெயில் ஆனால் கையில் இருக்கும் லிஸ்டை முழுசாகக் காட்டி, எதைத் தேடியது, எது கிடைக்கவில்லை என்று தனித்தனியாகச் சொல்லும். 'மிளகு' இருக்க வேண்டிய இடத்தில் 'மிலகு' என்று பதிந்திருந்தால் அந்தச் செய்தியிலேயே கண்ணில் பட்டுவிடும். லிஸ்டிடம் ஆம் இல்லை கேட்டு, அந்தப் பதிலை அஸர்ஷனுக்குக் கொடுக்கும்போது லிஸ்ட் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. லிஸ்டையே கொடுத்தால் தொலைவதில்லை. உங்கள் ரிவியூவர் திருப்பி அனுப்பியது சரிதான்.

கே: 'அஸர்ட்தட்(சரக்கு.கன்டெய்ன்ஸ்("மிளகு"))' என்று மட்டும் எழுதி, அரைப்புள்ளி வைத்து விட்டுவிட்டேன். எப்போதும் பாஸ் ஆகிறதே! (ராசிபுரம்)

ப: ஆகத்தான் செய்யும். அந்த வரி எதையும் சோதிக்கவில்லை. 'அஸர்ட்தட்' பேச ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். அதன்பின் 'இஸ் ட்ரூ' என்றோ வேறு ஏதாவதோ சொன்னால்தான் தீர்ப்பு. இந்தப் பிழையை எரர்புரோன், ஸ்பாட்பக்ஸ் போன்ற ஆய்வுக் கருவிகள் பிடித்துக்கொடுக்கும். பில்டில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். நல்ல பழக்கம் இன்னொன்றும் உண்டு: புது டெஸ்ட் எழுதியதும் எதிர்பார்க்கும் பெயரை வேண்டுமென்றே மாற்றி ஒருமுறை பெயில் ஆக்கிப் பாருங்கள். பெயில் ஆகத் தெரியாத டெஸ்டை வைத்திருந்து பயனில்லை. அந்தச் செய்தி படிக்கும்படி இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கே: இரண்டு லிஸ்டை 'அஸர்ட் ஈக்வல்ஸ்' வைத்து ஒப்பிடுவது கேவலமா? (சேலம்)

ப: ஏன் கேவலம்? ஜாவாவில் லிஸ்டுகளின் 'ஈக்வல்ஸ்' ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாக ஒப்பிடுகிறது. மூன்று நான்கு உறுப்புகள் என்றால் அதுவே போதும், படிக்கவும் எளிது. எழுபது உறுப்புகள் என்றால் இரண்டு நீள வரிகளை மேலும் கீழும் வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டிவரும். ஜேயூனிட் 5-இன் 'அஸர்ட் இட்டரபிள் ஈக்வல்ஸ்' எத்தனையாவது இடத்தில் பிசகியது என்று எண் சொல்லும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜேயூனிட்டில் எதிர்பார்ப்பது முதலில், கிடைத்தது பிறகு. அஸர்ட்ஜேயில் கிடைத்ததுதான் முதலில். மாற்றிப் போட்டால் டெஸ்ட் பொய் சொல்லாது, பெயில் செய்தி பொய் சொல்லும். அடுத்தது, லிஸ்டையும் செட்டையும் 'ஈக்வல்ஸ்' வைத்து ஒப்பிட்டால் உள்ளே அதே பொருட்கள் இருந்தாலும் ஒருபோதும் சமம் என்று வராது.

கே: முன்பு ஹாம்க்ரெஸ்ட் பயன்படுத்தினோம். அஸர்ட்ஜேக்கு மாறும்போது 'கன்டெய்ன்ஸ்' என்பதை அப்படியே வைத்துக்கொண்டோம். எல்லா டெஸ்டும் பாஸ். சரிதானே அக்கா? (கோயம்புத்தூர்)

ப: ஐயோ, இதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ஹாம்க்ரெஸ்டில் 'கன்டெய்ன்ஸ்' என்றால் 'இவை மட்டும், இதே வரிசையில், கூடக் குறைய இல்லாமல்'. அஸர்ட்ஜேயில் 'கன்டெய்ன்ஸ்' என்றால் 'இவையெல்லாம் இருக்கின்றன, வேறு ஏதும் இருந்தாலும் பரவாயில்லை, வரிசையும் பொருட்டில்லை'. ஆகவே நீங்கள் பெயரை மாற்றாமல் நூலகத்தை மட்டும் மாற்றியபோது எல்லா டெஸ்டும் ஓசையில்லாமல் தளர்ந்துவிட்டன. மிளகும் சாமையும் மட்டும் வர வேண்டிய இடத்தில் அடுத்த ஊரின் தினையும் சேர்ந்து வந்தாலும் இனி பாஸ்தான்.

பொருத்தமான மாற்று இதுதான்: ஹாம்க்ரெஸ்டின் 'கன்டெய்ன்ஸ்' இருந்த இடத்தில் அஸர்ட்ஜேயின் 'கன்டெய்ன்ஸ் எக்ஸாக்ட்லி'. ஹாம்க்ரெஸ்டின் 'கன்டெய்ன்ஸ் இன் எனி ஆர்டர்' இருந்த இடத்தில் 'கன்டெய்ன்ஸ் எக்ஸாக்ட்லி இன் எனி ஆர்டர்'. ஹாம்க்ரெஸ்டில் 'ஹேஸ் ஐட்டம்', 'ஹேஸ் ஐட்டம்ஸ்' என்று இருந்தவைதான் அஸர்ட்ஜேயின் 'கன்டெய்ன்ஸ்' ஆக வேண்டும். இன்றைக்கே ஒரு தேடல் போட்டு ஒவ்வோர் இடமாகத் திருத்துங்கள். சில டெஸ்ட் சிவப்பாகும். அவற்றில் ஒன்றிரண்டாவது உண்மையான பிழையாக இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

கே: வரிசை முக்கியமா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? (சேந்தமங்கலம்)

ப: நம் மலையே சொல்லித்தரும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று. பன்னிரண்டாவது வளைவு பதினொன்றுக்கு முன்னால் வந்தால் அது வேறு சாலை. இங்கே 'கன்டெய்ன்ஸ் எக்ஸாக்ட்லி'.

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 நாடுகள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு என்று போகும். எதை முதலில் சொன்னாலும் மலை மாறாது. ஒன்று விடுபட்டாலும், ஒன்று இருமுறை வந்தாலும் தவறு. இங்கே 'கன்டெய்ன்ஸ் எக்ஸாக்ட்லி இன் எனி ஆர்டர்'.

இன்னொரு எடுத்துக்காட்டும் இந்த மண்ணில்தான் இருக்கிறது. ஆடி 18-ஐ ஒட்டி இங்கே விழா எடுக்கிறோமே, அந்த வல்வில் ஓரி. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவன் அம்பின் வழியைச் சொல்கிறார்: யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது. பெரியதிலிருந்து சிறியதற்கு அம்பு போகும் அந்த வரிசைதான் பாட்டின் அழகு. உடும்பில் தொடங்கி யானையில் முடிந்தால் அது வேறு அம்பு. உங்கள் நிரல் தரும் முடிவிலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இடம் மாறினால் பொருள் மாறுகிறதா? மாறினால் வரிசையோடு சோதியுங்கள். மாறாவிட்டால் வரிசையைத் தொடாதீர்கள். தேவையில்லாமல் வரிசையைக் கேட்கும் டெஸ்ட், நாளை யாரோ டேட்டாபேஸ் வினவலை நியாயமாக மாற்றும்போது காரணமில்லாமல் உடையும்.

கே: 'கன்டெய்ன்ஸ் ஒன்லி' என்று ஒன்று இருக்கிறதே? (ஒரு கல்லூரி மாணவி, திருச்செங்கோடு)

ப: இருக்கிறது, தங்கை. அது வரிசையைப் பார்க்காது, இரட்டிப்பையும் பார்க்காது. லிஸ்டில் 'குண்டூர் நாடு' மூன்று முறை வந்தாலும் "குண்டூர் நாடு, வேறொன்றும் இல்லை" என்று சொல்லிப் பாஸ் செய்துவிடும். இரண்டுமுறை பதிவாகும் பிழைதான் சந்தைக் கணக்கில் காசைக் கரைக்கும் பிழை. அதனால் நான் இதை அரிதாகவே எடுப்பேன்.

கே: என் லேப்டாப்பில் பாஸ் ஆகும் டெஸ்ட் சிஐ சர்வரில் சில நாள் மட்டும் பெயில் ஆகிறது. பேய் ஏதாவது இருக்குமா? (ஈரோடு)

ப: பேய் இல்லை, 'செட்.ஆஃப்' இருக்கும். ஜாவா 9-இல் வந்த 'செட்.ஆஃப்', 'மேப்.ஆஃப்' இரண்டும் உறுப்புகளைத் தரும் வரிசையை, ஜேவிஎம் ஒவ்வொரு முறை எழும்போதும் மாற்றக்கூடியவை. யாரும் அந்த வரிசையை நம்பிவிடக் கூடாது என்றே அப்படிச் செய்தார்கள். அதை லிஸ்டாக்கி வரிசையோடு ஒப்பிட்டிருப்பீர்கள். ஹேஷ்செட், ஹேஷ்மேப் இரண்டும்கூட வரிசைக்கு எந்த உறுதியும் தருவதில்லை. 'இன் எனி ஆர்டர்' வகைக்கு மாறுங்கள், அல்லது வரிசை உண்மையிலேயே வேண்டுமென்றால் நிரலிலேயே அடுக்கித் தரச் செய்யுங்கள்.

கே: காலி லிஸ்டைச் சோதிக்க 'ஹேஸ் சைஸ்(0)' எழுதலாமா, 'இஸ் எம்ப்டி' எழுதலாமா? (எடப்பாடி)

ப: 'இஸ் எம்ப்டி'. கூடை காலி என்று சொல்ல எண்ண வேண்டியதில்லை.

கே: கோழிப்பண்ணைக்கு நிரல் எழுதுகிறேன். ஓர் அட்டைக்கு 30 முட்டை. 'ஹேஸ் சைஸ்(30)' மட்டும் போதுமா? (பரமத்தி வேலூர்)

ப: எண்ணிக்கை மட்டுமே உங்கள் வாக்குறுதி என்றால் போதும். அஸர்ட்ஜேயின் 'ஹேஸ் சைஸ்' பெயில் ஆகும்போது எண்ணோடு லிஸ்டையும் காட்டுவதால் 'அஸர்ட் ஈக்வல்ஸ்(30, லிஸ்ட்.சைஸ்())' என்பதைவிட நல்லது. ஆனால் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் 'எக்ஸாக்ட்லி' வகையில் எழுதுங்கள். எண்ணிக்கை தானாக அடங்கிவிடும், இரண்டையும் எழுதத் தேவையில்லை. முட்டையின் எடை வகை முக்கியமென்றால் எண்ணிக்கையை நம்பி நிற்காதீர்கள். முப்பதும் உடைந்த முட்டையாக இருந்தாலும் எண்ணிக்கை முப்பதுதான்.

கே: லிஸ்டில் இருப்பது வெறும் சொற்கள் அல்ல, பொருள், எடை, ஊர், தேதி எல்லாம் கொண்ட ஆப்ஜெக்ட். டெஸ்டில் 'கெட்(0).பொருள்()', 'கெட்(0).கிலோ()', 'கெட்(1).பொருள்()' என்று இருபது வரி ஓடுகிறது. (ஓசூர்)

ப: இந்த இருபது வரியை எல்லோருமே ஒருகாலத்தில் எழுதியிருக்கிறோம். அதில் இரண்டு வலி. லிஸ்ட் காலியாக வந்தால் 'கெட்(0)' அஸர்ஷனாகப் பெயில் ஆகாமல் இண்டெக்ஸ் எக்ஸெப்ஷன் வீசும். என்ன வந்தது என்று தெரியாது. இரண்டாவது, மூன்றாவதாகக் கூடுதலாக ஒரு சிப்பம் வந்திருந்தால் இருபது வரியும் அதைக் கவனிக்காது.

'எக்ஸ்ட்ராக்டிங்' கற்றுக்கொள்ளுங்கள்:

அஸர்ட்தட்(சிப்பங்கள்)
.எக்ஸ்ட்ராக்டிங்(சிப்பம்::பொருள், சிப்பம்::கிலோ)
.கன்டெய்ன்ஸ்எக்ஸாக்ட்லிஇன்எனிஆர்டர்(
ட்யூப்பிள்("மிளகு", 40),
ட்யூப்பிள்("சாமை", 75));

சந்தையில் எழுதும் துண்டுச்சீட்டைப் போலவே இருக்கிறது பாருங்கள். பொருள், எடை, பொருள், எடை. இந்த டெஸ்டுக்குத் தேதி தேவையில்லை என்றால் தேதியைத் தொடவே வேண்டாம். படிப்பவருக்கும் எது முக்கியம் என்று தெரிந்துவிடும்.

எல்லாப் புலமும் முக்கியம் என்றால் அந்த வகுப்பை ஜாவா 16 முதல் நிலையாகக் கிடைக்கும் 'ரெக்கார்டு' ஆக்கிவிடுங்கள். 'ஈக்வல்ஸ்' தானாக வரும், 'டுஸ்ட்ரிங்' தானாக வரும். இந்த 'டுஸ்ட்ரிங்' இருக்கிறதே, அதைப் பலர் மதிப்பதில்லை. அது இல்லாத வகுப்பு பெயில் செய்தியில் வகுப்புப் பெயரும் ஒரு கிறுக்கல் எண்ணுமாகத்தான் தெரியும். எவ்வளவு அழகாக அஸர்ஷன் எழுதினாலும் அந்த எண்ணைப் பார்த்து மிளகா சாமையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கே: 'எல்லாச் சிப்பமும் 50 கிலோவுக்குள்' என்பதை 'ஆல் மேட்ச்' வைத்துச் சோதித்தேன். சரியாகப் பாஸ் ஆனது. பிறகுதான் தெரிந்தது, லிஸ்டே காலி! (தர்மபுரி)

ப: காலிக் கூடையில் அழுகிய பழம் ஒன்றும் இல்லை என்பது உண்மைதானே! தர்க்கப்படி 'ஆல் மேட்ச்', 'ஆல் சாட்டிஸ்ஃபை' இரண்டும் காலி லிஸ்டில் பாஸ் ஆகும். முன்னால் 'இஸ் நாட் எம்ப்டி' சேர்த்துவிடுங்கள். இரண்டில் எனக்குப் பிடித்தது 'ஆல் சாட்டிஸ்ஃபை'. 'ஆல் மேட்ச்' பெயில் ஆனால் இந்த உறுப்பு நிபந்தனைக்குப் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லும். நிபந்தனை லாம்டாவுக்குள் ஒளிந்திருக்கும். 'ஆல் சாட்டிஸ்ஃபை'க்குள் நீங்கள் எழுதிய அஸர்ஷன் தானே வாய் திறந்து, கிடைத்தது 62, இருக்க வேண்டியது 50-க்குள் என்று சொல்லும்.

கே: ஒரே டெஸ்டில் ஐந்து அஸர்ஷன் இருந்தால், முதலாவது பெயில் ஆனதும் நின்றுவிடுகிறது. மற்ற நான்கின் கதி தெரியவில்லை. (கரூர்)

ப: ஓரியின் அம்பு யானையோடு நின்றுவிட்டால் எப்படி? ஐந்தையும் துளைக்க வேண்டும் என்றால் அஸர்ட்ஜேயில் 'சாஃப்ட் அஸர்ஷன்ஸ்', ஜேயூனிட் 5-இல் 'அஸர்ட் ஆல்'. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தோல்விகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் சொல்லும். ஆனால் ஒரே பொருளின் ஐந்து கோணங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். ஐந்து வேறு வேறு விஷயங்கள் என்றால் ஐந்து டெஸ்டாகப் பிரிப்பதே நேர்மை. லிஸ்ட் விஷயத்தில் பெரும்பாலும் இது தேவைப்படாது. ஒரே 'கன்டெய்ன்ஸ் எக்ஸாக்ட்லி' ஐந்தையும் பார்த்துக்கொள்ளும்.

கே: விலையை 'பிக்டெசிமல்' ஆக வைத்திருக்கிறேன். 2.5-ம் 2.50-ம் சமமில்லை என்கிறது! (பவானி)

ப: 'பிக்டெசிமல்' தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதையும் 'ஈக்வல்ஸ்'-இல் கணக்கில் எடுக்கும். 'கம்பேர் டு' எடுக்காது. லிஸ்டாக இருந்தால் 'யூஸிங் எலிமென்ட் கம்பாரேட்டர்' என்று சொல்லி 'பிக்டெசிமல்::கம்பேர்டு' கொடுங்கள்.

கே: அக்கா, இதை நம்பவே முடியவில்லை. எதிர்பார்த்தது [கொல்லிமலை], கிடைத்தது [கொல்லிமலை] என்று காட்டிவிட்டு டெஸ்ட் பெயில் என்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தானே இருக்கிறது? (பெங்களூரு)

ப: இந்த இதழின் மிக நல்ல கேள்வி உங்களுடையது. நம் மலையின் பெயரிலேயே அந்தப் பொறி இருக்கிறது.

'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 3018 என்ற ஒரே எண். மற்றொன்று, ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு எண்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஜாவாவின் 'ஈக்வல்ஸ்' எண்களைத்தான் பார்க்கும். முதல் வகையில் 'கொல்லிமலை'யின் நீளம் 9, இரண்டாவது வகையில் 10. சந்தேகம் வந்தால் 'லெங்த்' பாருங்கள், அல்லது 'கோட் பாயிண்ட்ஸ்' கூப்பிட்டு எண்களை வரிசையாக அச்சிடுங்கள். ஓகாரத்திலும் இதே கதை. 'சோளக்காடு' என்ற பெயரில் 3019 வரலாம், அல்லது 3015-ம் 3006-ம் வரலாம்.

இரண்டு விதமும் ஒரே கணக்கில் எப்படி வரும்? ஒருவர் கையால் தட்டச்சு செய்திருப்பார். இன்னொருவர் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருப்பார். இரண்டையும் ஒரு ஹேஷ்செட்டில் போட்டால் ஒரே மலைக்கு இரண்டு வரவு விழும். மலைக்கிராமத்து விவசாயியின் பெயரில் இது நடந்தால் பாதிப் பணம் ஒரு பக்கம், பாதிப் பணம் இன்னொரு பக்கம். இதை நான் டெஸ்ட் நுணுக்கமாக மட்டும் பார்க்கவில்லை. தமிழில் தரவு வைக்கும் ஒவ்வொரு நிரலும் பார்த்தே ஆக வேண்டிய பிழை இது.

டெஸ்டில் தளர்வான ஒப்பீடு வைத்து மூடி மறைக்காதீர்கள். பெயர் உள்ளே நுழையும் இடத்திலேயே ஜாவாவின் 'நார்மலைசர்' கொண்டு 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறகு ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: இரண்டு விதத்திலும் 'கொல்லிமலை'யைக் கொடுத்து, ஊர்ப் பட்டியலில் ஒரே ஒரு உறுப்புதான் இருக்கிறது என்று 'கன்டெய்ன்ஸ் எக்ஸாக்ட்லி' சொல்லட்டும். அந்த டெஸ்டில் பிரிந்த வடிவத்தை நேரே தட்டச்சு செய்யாதீர்கள். பேக்ஸ்லாஷ் போட்டு எழுதும் யூனிகோடு குறியீடாகவே எழுதுங்கள். இல்லையென்றால் எடிட்டர் சேர்த்துவிட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டி 'மெளனம்' என்று எழுதுகிறார்களே, அதை 'நார்மலைசர்' சரிசெய்யாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதற்குத் தனியாகத்தான் விதி எழுத வேண்டும்.

கே: பொருட்களை அகரவரிசையில் அடுக்கி, 'இஸ் சார்ட்டட்' என்று சோதித்தேன். பாஸ். ஆனால் தமிழாசிரியரான அப்பா வரிசை தப்பு என்கிறார். (மதுரை)

ப: அப்பா சொல்வது சரி. ஜாவாவின் சாதாரண ஒப்பீடு யூனிகோடு எண்களின் வரிசையைப் பார்க்கும். அந்த வரிசையில் 'ன' எழுத்து 'ந'-வை அடுத்தே வந்துவிடும், 'ற' எழுத்து 'ர'-வை ஒட்டி நிற்கும், 'ள'-வும் 'ழ'-வும் 'வ'-வுக்கு முன்னால் இருக்கும். ஆகவே யூனிகோடு 'பழம்' முதலில், 'பவளம்' பிறகு என்னும். தமிழ் அகராதியில் 'பவளம்'தான் முதலில். உங்கள் நிரலும் டெஸ்டும் ஒரே தவறான அளவுகோலைப் பிடித்திருக்கின்றன, அதனால்தான் பாஸ். ஐசியு4ஜே நூலகத்தில் தமிழுக்கான 'கொலேட்டர்' இருக்கிறது. நிரலில் அதை வைத்து அடுக்குங்கள். டெஸ்டில் மட்டும் அதைக் கூப்பிடாமல், ஐந்தாறு சொற்களை அப்பாவிடமே வரிசைப்படுத்தித் தரச்சொல்லி 'கன்டெய்ன்ஸ் எக்ஸாக்ட்லி'க்குள் எழுதிவிடுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் கையால் எழுதிய வரிசைதான் இங்கே எதிர்பார்ப்பு.

கே: டெஸ்டின் பெயரைத் தமிழில் வைக்கலாமா? (யாழ்ப்பாணம்)

ப: தாராளமாக. ஜாவாவில் மெத்தட் பெயர், வகுப்புப் பெயர், மாறிகளின் பெயர் எல்லாமே தமிழில் இருக்கலாம். 'ஒரே_ஊர்_இருமுறை_பதிவாகாது' என்ற மெத்தட் பெயர் கம்பைல் ஆகும், ஓடும், பெயில் ஆனால் அறிக்கையிலும் அப்படியே தெரியும். இடைவெளி விட்டு முழு வாக்கியமாக வேண்டும் என்றால் ஜேயூனிட் 5-இன் 'டிஸ்பிளே நேம்' இருக்கிறது. கோப்பு யூடிஎஃப்-8 என்று பில்டில் சொல்லிவிடுங்கள். ஜாவா 18 முதல் அதுவே இயல்பு. பழைய பதிப்போடு விண்டோஸில் ஓட்டுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அணியில் எல்லோருக்கும் தமிழ் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் படிக்கும்படி எழுதுவதுதானே நம் நோக்கம்.

கே: டெஸ்டுக்குள் ஃபார் லூப், இஃப் எல்லாம் எழுதலாமா? (அரூர்)

ப: அப்புறம் அந்த லூப்புக்கு யார் டெஸ்ட் எழுதுவது? 'ஃபில்டர்ட் ஆன்', 'எக்ஸ்ட்ராக்டிங்', 'ஆல் சாட்டிஸ்ஃபை' மூன்றும் இருந்தால் பத்தில் ஒன்பது லூப் கரைந்துவிடும்.

கே: இந்த நூலகங்களை எல்லாம் யார் செய்தது? பெயர்களே விநோதமாக இருக்கின்றன. (புதுச்சேரி)

ப: ஜேயூனிட்டின் முதல் வடிவத்தை 1997-இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எழுதினார்கள். 'ஹாம்க்ரெஸ்ட்' என்பது பொருத்திப் பார்ப்பவை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது. ஜேயூனிட் 4.4-இல் அதைக் கூடவே சேர்த்துக்கொண்டார்கள், ஜேயூனிட் 5-இல் விலக்கிவிட்டு, விரும்பிய நூலகத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 'ஃபெஸ்ட்' என்ற நூலகத்திலிருந்து 2013-இல் பிரிந்து வளர்ந்தது அஸர்ட்ஜே. ழோயெல் கோஸ்டிக்லியோலா அதைத் தொடங்கியவர். கூகுளிடம் 'ட்ரூத்' என்று ஒன்று இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒரு திட்டத்தில் ஒன்றையே வையுங்கள். 'கன்டெய்ன்ஸ்' படுத்திய பாட்டை மேலே பார்த்தீர்களே.

கே: எங்கள் ஊரில் சிக்னல் சரியாக இருப்பதில்லை. நெட் இல்லாமல் டெஸ்ட் ஓட்ட முடியுமா அக்கா? (ஒரு மாணவர், தேவானூர் நாடு)

ப: முடியும், தம்பி. நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். கீழே நாமக்கலுக்கோ சேந்தமங்கலத்துக்கோ இறங்கும் நாளில் ஒருமுறை முழு பில்டையும் டெஸ்டோடு ஓட்டிவிடுங்கள். நூலகங்கள் எல்லாம் உங்கள் கணினியிலேயே இறங்கித் தங்கிவிடும். அதன்பின் மேவன், கிரேடில் இரண்டிலும் 'ஆஃப்லைன்' என்று சொல்லி ஓட்டினால் நெட்டைத் தேடாது. மழைக்காலத்துக்கு முன்பே செய்துவைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் பெயில் செய்தியை முழுசாகத் தாளில் எழுதி அனுப்புங்கள், பதில் போடுகிறேன்.

கே: பெயில் செய்தியை அப்படியே அனுப்பியிருக்கிறேன். கிடைக்காத உறுப்பு ["மிளகு"]. எதிர்பாராத உறுப்பு ["மிளகு "]. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டேன், ஒன்றும் புரியவில்லை. (ஆத்தூர்)

ப: எதிர்பாராத உறுப்பில் மூடும் மேற்கோள்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது. பதிவு செய்யும் இடத்தில் 'ஸ்ட்ரிப்' போடுங்கள்.